மார்ச் 17

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். நான் போர்டு எழுதிப் பிழைக்கிற ஆள். எனக்குக் கதை கட்டத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் ஊர் சின்ன ஊர். இங்கிருந்து ராணுவத்துக்குப் போன ஒரே பையன், இருபத்திரண்டு வயதில் போரில் இறந்துபோனான். அவனுடைய சிநேகிதர்கள் பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு நினைவறை கட்டினார்கள். எட்டடிக்கு ஆறடி. ஜன்னல் கிடையாது. ஒரு ஷட்டர், ஒரு பல்பு. மறுநாள் திறப்பு. சுவரில் அவன் பெயரையும் இறந்த தேதியையும் எழுதுவது என் வேலை.

எதிரே தையல் கடை வைத்திருக்கும் அவனுடைய அம்மாதான் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். மார்ச் 14.

"குண்டு விழுந்த நிமிஷமே போயிட்டானாம் தம்பி. வலியே தெரிஞ்சிருக்காதுன்னு லெட்டர் வந்துச்சு. அத நம்பித்தான் நான் சோறு திங்கிறேன்."

மதியம் 2.10க்கு உள்ளே போனேன். தெருப் புழுதி ஈரப் பெயிண்டில் ஒட்டிவிடுமே என்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கி வைத்தேன். 2.25க்குக் கடைசி எண், அந்த 4, முடிந்தது.

ஷட்டர் தானாக இறங்கியது. பல்பு அணைந்தது.

தூக்கிப் பார்த்தேன். அசையவே இல்லை. செல்போன் வெளியே சைக்கிள் பையில். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தொண்டை கிழியக் கத்தினேன். வெளியே பஸ் வந்து நின்று போகும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை.

கைக்கடிகாரத்தின் முள் மட்டும் மினுங்கியது. 2.32.

டொக்... டொக்... டொக்...

அப்பாடா, யாரோ வந்துவிட்டார்கள். பிரஷ் கட்டையால் நானும் ஷட்டரில் மூன்று தட்டு தட்டினேன்.

பதில் வந்தது. வெளியிலிருந்து இல்லை...

தரைக்கு அடியிலிருந்து.

டொக் டொக் டொக் டொக் டொக்...

விடாமல். வெறி பிடித்த மாதிரி.

ஈர மண் வாசனை. மூச்சு முட்டியது. தலையில் மண் உதிர்ந்தது. மேலே இருப்பதோ கான்கிரீட்.

நான் திரும்பத் தட்டவில்லை. மூலையில் சுருண்டு காதைப் பொத்திக்கொண்டேன்.

3.40.

சத்தம் நின்றது.

பல்பு எரிந்தது.

சுவரில்... மார்ச் 17.

என் எழுத்து. 7-க்கு நான் போடும் குறுக்குக் கோடு. என் கைப் பிரஷில் ஈரம்.

ஷட்டர் சரசரவென்று ஏறியது. அந்த அம்மா ஒற்றைக் கையால் தூக்கியிருந்தார். சுவரைப் பார்த்துவிட்டு, பதினேழு என்று ஏன் இருக்கிறது என்று கேட்டார். கை தவறிவிட்டது அக்கா என்று சொல்லி, அவர் எதிரிலேயே அழித்து 14 ஆக்கினேன்.

மறுநாள் திறப்பு விழாவுக்கு அவனோடு போரில் இருந்த சிப்பாய் ஒருவர் வந்தார். டீக்கடையில் அவரிடம் மட்டும் இதைச் சொன்னேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். பதினாலாம் தேதி பதுங்கு குழி இடிந்து அவன் உள்ளே மாட்டிக்கொண்டானாம். எதிரிகள் பக்கத்திலேயே இருந்ததால் தோண்ட முடியவில்லை. மேலே சின்னச் சத்தம்கூட வரக் கூடாது என்று உத்தரவு.

"மூணு நாள் தட்டினான். பதினேழாம் தேதி மூணு நாப்பதுக்கு நின்னுபோச்சு. நாங்க ஒருத்தரும் திருப்பித் தட்டல... அவங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

ஒவ்வொரு வருஷமும் மார்ச் 14 அன்று, பெயிண்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று அந்த அம்மாவிடம் சாவி வாங்கிக்கொண்டு உள்ளே போகிறேன். அன்றிலிருந்து தினமும் போய்த் தரையில் மூன்று தட்டு தட்டுகிறேன்.

பதினேழாம் தேதி 3.40 வரைக்கும் பதில் வருகிறது.