கோழிக்கூட்டைப் போர்த்திய பதாகை

என் மனைவி ஐப்பசியில் காலமானாள். பிள்ளைகள் அவள் படத்தைப் பெரிதாக அச்சடித்து, ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டினார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அதை அவிழ்த்து என்னிடம் கொடுத்துவிட்டு, வேலை பார்க்கும் ஊர்களுக்குத் திரும்பினார்கள். அதை என்ன செய்வதென்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பழைய பதாகைகளை விறகின் மேலும் பருத்தி மூட்டைகளின் மேலும் விரிப்பது வழக்கம். அவள் முகத்தை விறகின் மேல் விரிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சுருட்டிக் கட்டிலுக்கடியில் வைத்தேன்.

அவள் வளர்த்தவற்றில் ஒரு சேவலும் ஏழு பெட்டைகளும் எஞ்சியிருந்தன. அவ்வீட்டில் என்னையன்றி மூச்சு விட்டவை அவைதாம்.

மார்கழியில் வாடைக்காற்று கரிசல் வெளியைத் தடையின்றிக் கடந்து வந்தது. கம்பிவலைக் கூட்டுக்குள் கோழிகள் ஒன்றையொன்று ஒண்டி நிற்கக் கண்டு, அந்தப் பதாகையை எடுத்துக் கூட்டின் நான்கு பக்கமும் இறுகச் சுற்றி, கதவுப் பக்கத்தை மட்டும் காலையில் அவிழ்க்கும்படி கட்டினேன். படம் உட்புறமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். வழியில் போவோர் காண வேண்டாம் என்பது ஒரு காரணம். அவள் கோழிகளை அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்பது மற்றொன்று. இதை எவரிடமும் சொன்னதில்லை.

அவள் இறந்த அன்று நான் அழவில்லை. அதன் பின்னரும் அழ வாய்க்கவில்லை. ஆனால் காலையில் கூட்டின் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டியதும், எதிரே அவள் முகம் தெரியும். கண்கள் எரிந்து நீர் வழியும். துண்டால் துடைத்துக்கொண்டு கோழிகளை வெளியே விடுவேன். நாள்தோறும் இது நிகழ்ந்தது. இங்கேனும் அழ முடிகிறதே என்று ஒருவகை ஆறுதல் அடைந்திருந்தேன்.

தை பிறந்தபின் ஒரு பெட்டை தும்மத் தொடங்கியது. நான்கு நாட்களில் மூன்றுக்கு மூக்கு ஒழுகியது. கண்ணோரத்தில் நுரை கட்டியது. கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, சளி கட்டிய குழந்தையைப் போல் கொர் கொர் என்று மூச்சு வாங்கின. சின்ன வெங்காயமும் மிளகும் துளசியும் அரைத்து உருட்டிக் கொடுத்தேன். பயனில்லை.

பக்கத்து வீட்டு மருமகள் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"மாமா, கொறட்டைச் சத்தம் எங்க அடுப்படி வரைக்கும் கேக்குது. நீங்கதான்னு நெனச்சேன்."

"கோழிம்மா."

"உசுரோட இருக்கயிலயே கறிக்கடைக்குத் தள்ளி விட்ருங்க. செத்துச்சுன்னா குழிதான் தோண்டணும்."

"அவ வளத்தது."

"அத்தை இருந்திருந்தா இந்நேரம் கொழம்பே வச்சிருப்பாக," என்று சிரித்தாள்.

அது உண்மையே. என் மனைவிக்குக் கோழிகளிடத்தில் என்னளவு பற்று இருந்ததில்லை. எனினும் அவற்றையும் இழந்துவிட்டால் காலையில் நான் எழுந்து திறக்க வேண்டிய கதவு எதுவுமில்லை. மிகவும் நலிந்திருந்த பெட்டையை ஒயர் கூடையில் வைத்து அருப்புக்கோட்டைக்குப் பேருந்து ஏறினேன்.

"யாரு வீட்டு விருந்துக்குய்யா?" என்றார் நடத்துனர்.

"மாட்டாஸ்பத்திரிக்கு."

அவர் கூடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் சீட்டுக் கிழித்தார்.

மருத்துவர் இளவயதுப் பெண்மணி. கோழியின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தபடியே வினவினார்.

"கூட்டை எதை வச்சு மூடியிருக்கீங்க?"

"பிளக்ஸ்மா. வாடைக்காக."

"காத்துப் போக வழி விட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"எச்சம் அள்ளுறது எப்ப?"

"அவ இருந்தப்ப தெனமும் அள்ளுவா."

"காலைல தெறந்தா உங்க கண்ணு எரியுமே?"

"எரியும்," என்றேன்.

"எச்சத்துல இருந்து வர்ற நெடிதான் அது. நீங்க தலையை வெளிய எடுத்துக்கிறீங்க. அதுக ராத்திரி பூரா அதைத்தானே சுவாசிக்குதுக? பிளக்ஸைக் கழட்டிருங்கய்யா. சாக்குக் கட்டுங்க, மேல ஒரு முழம் தெறந்து கெடக்கட்டும். சீக்குக் கோழியைத் தனியா விடுங்க."

தண்ணீரில் கலக்க மருந்துப் பொடி கொடுத்தார். அந்த எரிச்சலுக்கு நான் வைத்திருந்த காரணத்தை அவரிடம் சொல்லவில்லை.

வீடு திரும்பியதும் கட்டுகளை அவிழ்த்தேன். உட்புறம் எச்சமும் ஈரமுமாக இருந்தது. படத்தில் நெற்றிப் பொட்டின் சிவப்பைக் கோழிகள் கொத்திக் கொத்திப் பொத்தலாக்கியிருந்தன. கழுவி, கொடியில் உலர்த்தி, மீண்டும் கட்டிலுக்கடியில் வைத்தேன். தரையைச் சுரண்டிச் சாம்பல் தூவிச் சாக்குகளைக் கட்டினேன்.

கூடையில் சென்று வந்த பெட்டை மூன்றாம் நாள் இறந்தது. மற்றவை மெல்லத் தேறின. அடுத்த வாரத்தில் அந்தச் சத்தம் முற்றிலும் நின்றது.

இப்போதும் காலையில் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டுகிறேன். சாம்பல் மணமும் சாக்கின் மணமும் வருகின்றன. கண் எரிவதில்லை. கோழிகள் என் கைக்கடியில் நுழைந்து ஒவ்வொன்றாக வெளியேறிய பின்னும், சற்று நேரம் குனிந்தபடியே இருந்து பார்க்கிறேன்.