என் பெயரில் பறந்தவர்

இரண்டு மாதம் இருக்கும். நாக்பூரிலிருந்து சென்னை வந்து இறங்குகிறேன். விமானத்தின் கதவைத் தாண்டியதும் ஒரு சக்கர நாற்காலி. அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கையில் ஒரு தாள். தாளில் என் பெயர்.

குணசீலன் எம்.

"நீங்கதானே சார்? குந்துங்க."

"எனக்கு இல்லீங்க. நான் கேக்கவே இல்ல."

"பேரு உங்க பேருதானே?"

"பேரு என்னோடதுதான்..."

"அப்புறம் இன்னா சார்? லிஸ்ட்ல கீது. குந்துங்க, தள்ளிகினு போறேன். இதுல இன்னா வெக்கம்?"

நான் நடந்தேன். அவர் விடவில்லை. ஆளைக் கொண்டுபோய் விடவில்லை என்றால் மேலே திட்டுவார்களாம். காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார், பெட்டி வருகிற இடம் வரைக்கும். ஒரு சக்கரம் மட்டும் கீச் கீச்சென்றது. ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். நாற்காலியின் ரெக்சின் நடுவில் குழிந்திருந்தது. பல பேர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த குழிதான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் அதற்குப் பிறகு நான் திரும்பவில்லை.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு என்னவென்று தெரியும். ஆலை ஆலையாகப் போய், தீப்பிடித்தால் தப்பிக்க வழி இருக்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பவன். வீடு செங்கல்பட்டில். வேலை பாதி இந்தியாவில். அதனால் விமானம்.

விமானத்தில் அடிக்கடி போகிறவர்களுக்கு ஒரு வியாதி வரும். கோல்டு வியாதி.

ஒரு வருடத்துக்குள் ஒரே கம்பெனி விமானத்தில் இத்தனை தடவை பறந்தால் நீங்கள் சில்வர். இன்னும் பறந்தால் கோல்டு. கோல்டு என்றால் லவுஞ்ச், கூடுதல் பெட்டி, கேட்ட சீட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு... வரிசை கிடையாது. என் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். கூலிக்கு வரிசை, ரேஷனுக்கு வரிசை, ஆஸ்பத்திரியில் வரிசை. அவருடைய பிள்ளையை ஒரு பெண் பெயர் சொல்லி வரவேற்று, "நீங்க இந்தப் பக்கமா வாங்க சார்" என்று கயிற்றை விலக்கி விடுகிறாள் என்றால்? சும்மா சொல்லக் கூடாது, போதை.

அந்தப் போதைக்காக நான் என்னவெல்லாம் செய்திருக்கிறேன் தெரியுமா? நாக்பூருக்கு நேராக விமானம் இருக்கும். நான் ஹைதராபாத்தில் இறங்கி, மூன்று மணி நேரம் காத்திருந்து, மாறிப் போவேன். ஒரு பயணம் இரண்டாகக் கணக்காகுமே! என் மனைவி வசந்தி சொல்வாள், "உங்கள காய் வாங்க அனுப்பினாக்கூட ஹைதராபாத் வழியாத்தான் போவீங்க."

அப்படியும் இந்த வருடக் கணக்கு முடிகிற நேரத்தில் நான்கு பயணம் குறைந்தது. இனி கோல்டு இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது.

ஒரு திங்கட்கிழமை. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தீயணைப்புக் குழாய்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன் சிணுங்கியது. 'நன்றி, குணசீலன்! உங்கள் சென்னை–மும்பைப் பயணம் கணக்கில் சேர்ந்தது. இருக்கை 14சி.'

நான் மும்பைக்குப் போகவில்லை. தண்ணீர் சொட்டுகிற சட்டையோடு இங்கே நிற்கிறேன்.

நான்கு நாள் கழித்து இன்னொன்று. மும்பை–சென்னை. 14சி. மூன்று வாரம் கழித்து மறுபடி போக, வர. அதே 14சி.

நான் என்றுமே ஜன்னல் ஓரம்தான் உட்காருவேன்.

விமானக் கம்பெனிக்கு போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். போடவில்லை. ஏன் என்று கேட்கிறீர்களா? நான்காவது பயணம் ஏறியதும் செயலியில் என் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு வட்டம் வந்துவிட்டது. கோல்டு! ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு, நமக்கென்ன நஷ்டம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் சக்கர நாற்காலி.

அடுத்த பயணத்தில் சாப்பாடு. நான் எதுவும் சொல்லி வைக்கவில்லை. பணிப்பெண் என் பெயர் ஒட்டிய டப்பாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தை ஒரு கணம் பரிதாபமாகப் பார்த்தாள். திறந்தேன். உப்பில்லாத, காரமில்லாத, குழையக் குழைய வேகவைத்த சாதம். வாயெல்லாம் புண்ணாக இருப்பவர்கள் சாப்பிடுகிற சாப்பாடு.

வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஏனோ சாப்பிட்டேன். கடைசிப் பருக்கை வரைக்கும்.

என் பெயரில் ஒருவன் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மும்பைக்குப் போகிறான். அவனால் நடக்க முடியவில்லை. அவனால் மெல்ல முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் மோசமாகிறான். இதெல்லாம் எனக்குத் தெரிகிறது... அவன் யார் என்று மட்டும் தெரியவில்லை. கண்ணாடி முன் சவரம் செய்யும்போது நாக்கை நீட்டிப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். வசந்தியிடம் சொல்லவில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை, மும்பை–சென்னை, 14சி. அதோடு நின்றது. மூன்று வாரம் ஆயிற்று, எதுவும் வரவில்லை. நான்காவது வாரமும் வரவில்லை. பயணம் வந்தபோது வராத பயம், வராதபோது வந்தது.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை வைத்திருக்கும் பஷீர் பாய்தான் எனக்குப் பல வருடமாக டிக்கெட் போடுபவர். நேராக அவரிடம் போனேன்.

"பாய், என் பேர்ல மும்பைக்கு யாருக்கு டிக்கெட் போட்டீங்க? வீல்சேர், பத்தியச் சாப்பாடெல்லாம் எனக்கு வருது."

கம்ப்யூட்டரைத் தட்டினார். "எம். குணசீலன்... தோ கீது. அய்யய்யோ! சார், இது நீங்க இல்ல. அணுபுரத்துல ஒரு குணசீலன் கீறாரு, நெம்மேலி தண்ணி பிளான்ட்ல பம்ப் ஆப்பரேட்டரு. பேர அடிச்சா உங்க பாயின்ட் கார்டு நம்பரும் கூடவே வந்து குந்திகிச்சு. அவருக்குப் போட்ட வீல்சேரு, சாப்பாடு எல்லாம் உங்களுக்கு வந்துச்சா? பேஜாரா பூட்ச்சே சார்!"

அப்பாடா என்றிருந்தது. தீ விபத்தை விசாரிக்கிறவனுக்கு ஒரு பாடம் உண்டு: புகை இருந்தால் காரணம் இருக்கும். இதோ, காரணம் கிடைத்துவிட்டது.

"இப்ப எப்படி இருக்காரு பாய்?"

பாய் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "கேன்சரு சார். மும்பை ஆஸ்பத்திரியிலயே மௌத்தா பூட்டாரு. நாலு வாரம் முன்னாடி, செவ்வாக்கெழம காலைல."

செயலியைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன். "ரெண்டு நாள் கழிச்சு, வியாழக்கிழமை வந்திருக்காரே, பாய்."

பாய் பார்த்தார். மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ரிட்டர்ன் டிக்கெட் அது. அவரு வூட்டம்மா போன் போட்டு, 'அவரு சீட்ட கேன்சல் பண்ணாதீங்க பாய்'னு அழுதுச்சு. சரின்னு உட்டுட்டேன். ஆனா சார்... ஆளு ஏறாத சீட்டுக்கு பாயின்ட் ஏறாது. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

போன சனிக்கிழமை அணுபுரம் போனேன். தப்பாக ஏறிய எல்லாப் பயணங்களையும் நீக்கச் சொல்லி கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிப் பையில் வைத்திருந்தேன். அனுப்புவதற்கு முன் அந்த வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நல்ல மத்தியானம். ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி ஜன்னல்கள். தெருவில் ஒரு ஆள் இல்லை. மாடி ஏறிக் கதவைத் தட்டினேன். உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம்.

"யாரு?" ஒரு பெண் குரல்.

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "குணசீலன்."

தண்ணீர் நின்றது.

ஒரு சத்தமும் இல்லை. பிறகு காலடி, கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. மூச்சு விடுவது கேட்டது. தாழ்ப்பாளில் கை வைத்தது கேட்டது. திறக்கவில்லை.

"எந்த... குணசீலன்?"

என்ன காரியம் செய்துவிட்டேன்! செங்கல்பட்டு, பஷீர் பாய், விமான டிக்கெட் என்று கதவைப் பார்த்து உளறிக் கொட்டினேன். கதவு ஒரு விரல் அளவு திறந்தது. ஒரு கண் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தது. பிறகுதான் முழுதாகத் திறந்தார்.

ஸ்டெல்லா. அந்தக் குடியிருப்பில் உள்ள பள்ளியில் லேப் அசிஸ்டென்ட். ஐம்பது வயதிருக்கும். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் கணவர் பட்ட பாட்டில் ஏறிய பாயின்ட்டை வைத்துக்கொண்டு நான் லவுஞ்ச் சோபாவில் சாய்ந்து காபி குடித்திருக்கிறேனே!

அதெல்லாம் அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. "வியாழக்கெழம சீட்டு ஏறிகீதா?" என்றார். "பதினாலு சி?"

"ஆமாங்க."

"நான் அவருக்கு செக்-இன் போடல சார். எனக்கு மட்டுந்தான் போட்டேன். பதினாலு பி. அவரு இருந்த பாக்ஸு தனியா கார்கோல குடுத்தாச்சு. இந்த ஃப்ளைட்லயும் போலாம், எடம் இல்லன்னா அடுத்ததுலயும் போலாம்னு சொல்லிட்டாங்க."

என் கையிலிருந்த டம்ளரை வாங்கி வைத்தார். பிறகு அவரே தொடர்ந்தார்.

"அன்னிக்கு ஃப்ளைட்டு ஃபுல்லு சார். என் பக்கத்துல மட்டும் காலி. பின்னாலேர்ந்து ஒருத்தரு வந்து குந்தப் போனாரு. அந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு கைல இருந்த மெஷினப் பாத்துட்டு, இல்ல சார், இதுக்கு ஆளு இருக்காங்கன்னு அனுப்பிடுச்சு. அப்புறம் என்னாண்ட வந்து, சார் எங்க மேடம்னு கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கீழ கீறாருன்னேன்."

நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அது ஒண்ணும் கேக்கல சார். தலைய ஆட்டிட்டுப் பூட்ச்சு. கடைசில ஆளுங்கள எண்ணுவாங்க இல்ல, கைல ஒண்ண வச்சிகினு டிக்கு டிக்குனு? எனக்கு ஒரு டிக்கு. அப்புறம் அந்தக் காலி சீட்டப் பாத்துச்சு. அதுக்கும் ஒரு டிக்கு."

வெளியே எங்கேயோ ஒரு பிரஷர் குக்கர் கத்தி ஓய்ந்தது.

"சென்னைல கார்கோ ஆபீஸ்ல மூணு மணி நேரம் நின்னேன். பாக்ஸ குடுத்தாங்க. எந்த ஃப்ளைட்ல வந்துச்சுன்னு கேட்டேன். ரெண்டு ஃப்ளைட்டு சரக்கும் ஒண்ணா வந்துகீதும்மா, தெரியலன்னாங்க. அடக்கம் முடிஞ்சு ஒரு மாசம் ஆவுது. எனக்கு அது ஒண்ணுதான் சார் மண்டையக் கொடையுது. 'என்னிய இங்க தனியா உட்டுட்டுப் போயிடாத ஸ்டெல்லா, ஒண்ணா வூட்டுக்குப் போலாம்'னு கையப் புடிச்சிகினு கேட்டாரு. என்கூட வந்தாரா, தனியா வந்தாரான்னு..."

போனை எடுத்து அந்த வரியைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? மும்பை–சென்னை. குணசீலன் எம். 14சி. பயணம் நிறைவடைந்தது.

அவர் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார், குழந்தைகள் படிப்பது போல. திரை அணைந்துபோனது. தொட்டு எழுப்பி மறுபடி படித்தார். அழவில்லை. நெடுநேரம் இறுகியிருந்த தோள் இறங்கியது, அவ்வளவுதான்.

"மத்ததெல்லாம் இன்னா வேணா பண்ணுங்க சார்," என்றார். "இத மட்டும் எடுத்துடாதீங்க."

கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், யாரோ எங்கேயோ தப்பாக ஒரு பொத்தானை அழுத்தியிருப்பார்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. என் தொழில் அப்படி. எதற்கும் காரணம் தேடும். வீல்சேருக்குக் காரணம் கிடைத்தது, சாப்பாட்டுக்குக் கிடைத்தது. இந்த ஒன்றுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்க வேண்டும் என்று அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஆசையும் இல்லை. எழுதி வைத்திருந்த கடிதத்தை எடுத்து, அங்கேயே கடைசி வரியை, அந்த வியாழக்கிழமைப் பயணத்தை மட்டும், அடித்துவிட்டேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். நல்ல தமிழ்.

"நீங்க குறிப்பிட்ட எல்லாப் பயணத்தையும் நீக்கியாச்சு சார். உங்க கோல்டு இன்னையோட போயிடும். பரவாயில்லையா?"

"பரவாயில்ல மேடம்." கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. பொய் சொல்வானேன்?

"ஒரு சந்தேகம் சார். கடைசியா ஒரு மும்பை–சென்னை இருக்கே, அதுவும் அதே ஏஜென்ட் போட்ட டிக்கெட்தான். உங்க லெட்டர்ல அது இல்ல. அதையும் எடுத்துடலாமா?"

"வேண்டாம்."

"அப்ப அந்த 14சி-ல பயணம் செஞ்சது..."



"குணசீலன்தாங்க."

கீபோர்டு தட்டும் சத்தம்.

"ஆமா சார். செக் பண்ணிட்டேன். கேட்ல ஸ்கேன் ஆகியிருக்கு, ஏறியிருக்கீங்க, இறங்கியிருக்கீங்க. எல்லாம் சரியா இருக்கு."

சரியாக இருக்கிறதாம்.