வெயிலில் வைத்த பேட்டரிக் கட்டைகள்

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த வேலை, நான்கு பேட்டரிக் கட்டைகளைக் கிழக்கு மதிலின்மேல் வரிசையாக வைத்ததுதான். பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் எங்கள் வீட்டுக்கு முதல் வெயில் விழும் இடம் அது. பால் கறக்கப் போய்க்கொண்டிருந்த மாமியார் நின்று பார்த்தார்.

"டார்ச்சு லைட்டு மறுக்காவும் மங்கிப் போச்சா அம்மிணி?"

"ஆமாங்க அத்தை" என்றேன்.

எங்கள் வீட்டு டார்ச்சில் இரண்டு கட்டைகள்தான் போட முடியும். மதிலில் நான்கு காய்ந்தன. ஏழு வருடமாக அப்படித்தான் காய்கின்றன. ஏன் என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

கையைக் கழுவிக்கொண்டு நிமிரும்போது பள்ளி பியூன் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். இறங்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "டீச்சரே, நம்மட சார் போயி. பீர்மேட்டில்நின்னு கம்பி வந்நு" என்றார். தந்தி சொன்ன சாவு யாருடையது என்று நான் கேட்கவில்லை. எங்கள் பள்ளியில் பெயர் சொல்லாமல் 'நம்ம சார்' என்றால் அது தேவசகாயம் சார்தான். பணி ஓய்வு பெற்று, பிறந்த மலைக்கே திரும்பிப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இந்த நினைவு மலரைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் விஞ்ஞானம் படித்தவர்கள். மீதிப் பேர் அவருடன் ஒரே அறையில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள். அவரைப் பற்றி நல்லதாக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஆசிரியர் சங்கத்தில் கேட்டார்கள். நல்லதும் எழுதுகிறேன்.

வகுப்பறை ரேடியோவின் ஸ்பீக்கர் கிழிந்துபோன நாள் பழைய மாணவர்களுக்கு நினைவிருக்கும். பள்ளி ஒலிபரப்பு தொடங்கும் நேரம். பிள்ளைகள் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்கள். சார் தன் பையிலிருந்து பழைய பட்டாளத்து ஹெட்போன் ஒன்றை எடுத்தார். கோயமுத்தூரில் பழைய சாமான் கடையில் வாங்கியது. ரேடியோவுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் ஒரு சோப்புப் பெட்டியை இணைத்தார். தண்ணீர் வைக்கும் பித்தளைக் குடத்தைக் காலி செய்து, அதற்குள் ஹெட்போனைத் தொங்கவிட்டார். குடத்துக்குள்ளிருந்து ஒருவர் பருவமழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பின்வரிசை வரைக்கும் கேட்டது.

"சார், குடம் பேசுது!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"குடம் பேசலடே. குடம் கேக்குது. கேட்டத அப்படியே உங்ககிட்ட சொல்லுது" என்றார் சார்.

அன்று மாலை ஆய்வுக்கூடத்துக்குப் போய், அந்த சோப்புப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். நான் சரித்திர ஆசிரியை. எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"ரேடியோவோட ஒத்தக் காதுக்கு ஒரு குமிழ் தருவான்லா டீச்சர், அத மாட்டுற ஓட்டையில வார சக்தி அதுக்குத்தான் சரி. ரெண்டு காதையும் மூடுற இந்தப் பட்டாளத்து ஹெட்போனுக்குப் பத்தாது. கொசு பாடுத மாதிரி கேக்கும். இந்தப் பெட்டி நடுவுல நின்னு தள்ளிக் குடுக்கும். ஆம்ப்ளிபயருன்னு பேரு. மாட்டிப் பாருங்க."

மாட்டினேன். ஏதோ ஒரு ஸ்டேஷனில் வீணைக் கச்சேரி. யாரோ என் தோளுக்குப் பின்னால் இருமினார்கள். திடுக்கிட்டுத் திரும்பினேன். அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. சார் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அவன் கச்சேரியில இருமுனவன் டீச்சர். ரெண்டாவது வரிசையில இருக்கான். இங்க தேடாதீங்க."

என் வீட்டு நிலையை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். என் கணவரின் தம்பி காய்ச்சலில் இறந்த பிறகு எங்கள் வீட்டில் ரேடியோ பாடுவதில்லை. அது அவன் ஆசையாக வாங்கிய சிறிய டிரான்சிஸ்டர். காரியம் முடிந்த மறுநாள் மாமியார் அதைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தார். "இனி என்ற ஊட்டுல அந்தச் சத்தம் கேக்கக் கூடாது" என்றார். பெற்றவள் சொன்னது. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பாட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான்.

அந்த டிரான்சிஸ்டர் எந்தக் கம்பெனி என்று மட்டும் சார் கேட்டுக்கொண்டார். சில வாரங்கள் கழித்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் மேசையில் வைத்தார். பச்சை சோப்புப் பெட்டி, அதன் பக்கத்தில் ஒரு திருகு, கூடவே ஹெட்போன். மூடியின் ஓரத்தில் சூட்டுக்கோல் பட்டு உருகிய தழும்பு.

"ஊட்டுல யாருக்கும் தெரியக் கூடாதுங்க சார்" என்றேன்.

"யாருக்குத் தெரியப்போவுது? காதுக்குள்ள போற சத்தத்துக்கு யாருகிட்டயும் சம்மதம் வாங்க வேண்டாம் டீச்சர்" என்றார்.

அந்த வாக்கியத்தை நான் ஏழு வருடம் சொத்தாக வைத்திருந்தேன்.

பரணிலிருந்து டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டு, துணிக்குள் அதே அளவில் ஒரு செங்கல்லைச் சுற்றி வைத்தேன். தோட்டத்துக் கிணற்றை ஒட்டிய மோட்டார் ரூமில் விதைக்கொள்ளு போட்டு வைக்கும் மொடாப் பானை உண்டு. ரேடியோவும் பெட்டியும் அதற்குள். சாயங்காலம் பரீட்சைத் தாள்களைத் தூக்கிக்கொண்டு, "அங்கதானுங்க வெளிச்சமும் காத்தும்" என்று சொல்லிவிட்டுப் போவேன். வீணை வாசிப்பவரின் விரல் கம்பியில் வழுக்குவது கேட்கும். பாடகர் எடுப்புக்கு முன்னால் இழுக்கும் மூச்சு என் மூச்சைப் போலவே கேட்கும். வேலைக்குப் போக அப்பா சம்மதித்தார், போனேன். கல்யாணத்துக்குப் பிறகும் போகலாம் என்று கணவர் சம்மதித்தார், போகிறேன். அந்த மோட்டார் ரூம் நேரம் மட்டும் யாரும் தந்ததில்லை, நானே எடுத்துக்கொண்டது என்று நினைத்திருந்தேன்.

ரேடியோவுக்கும் பெட்டிக்குமான நான்கு கட்டைகளும் பலவீனமாகும்போது வெயிலில் வைத்தால் கொஞ்சம் உயிர் வரும் என்று சொல்லித் தந்தவரும் சார்தான். காலையில் மதிலில் வைப்பேன். பள்ளியிலிருந்து வந்து எடுத்துப் போட்டால் கொஞ்சமல்ல, முழு உயிரும் வந்திருக்கும். இந்த அதிசயத்தை ஒருநாள் ஆசிரியர் அறையில் எல்லாரிடமும் சொன்னேன்.

"ஏனுங் சார், நீங்க சொன்னது வாஸ்தவமுங்க. புதுக் கட்டை தோத்துப் போகுமுங்க!"

சார் டீக் கிளாசுக்குள் பார்த்துக்கொண்டே, "பாலக்காட்டு வெயில் அப்படி டீச்சர். எங்க பீர்மேட்டுல இது நடக்காது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன் எனக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. கேரளத்தில் தமிழ் மீடியம் ஆசிரியர்களுக்குப் போக்கிடம் இரண்டுதான் என்பது உங்களுக்குத் தெரியும். பாலக்காட்டில் இடம் இல்லாவிட்டால் இடுக்கி. எனக்கு வந்தது பீர்மேட்டுப் பக்கம், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. போக வேண்டும் என்று மனதுக்குள் ஆசை இருந்தது. வீட்டில் பேசும் முன்பு சாரிடம் கேட்டேன். அந்த மலையிலேயே, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவர் அவர். ஏதோ கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"வேண்டாம் டீச்சர். மழைக்காலத்துல உங்களுக்கு இருமல் வருதுல்லா? எங்க ஊருக் குளிரு நெஞ்சுல எறங்கிச்சுன்னா எந்திரிக்க விடாது. நான் சொல்லுதேன், போகாதீங்க."

வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் யாருக்கும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவேண்டிய அவசியமே வரவில்லை.

சாரின் பணி ஓய்வு விழாவில், மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "அந்தப் பெட்டில ஒரு குறை உண்டு டீச்சர். ஒருநா வந்து சொல்லித் தாரேன்" என்றார். நன்றாகத்தானே பாடுகிறது சார் என்றேன். அதில்லை டீச்சர் என்று தொடங்கினார். அதற்குள் யாரோ போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள்.

தந்தி வந்த அன்று என் கணவர் உடனே, "போயிட்டு வா மரகதம். ஸ்வெட்டர் எடுத்துக்க, மலைல குளுரும்" என்றார். டிரில் மாஸ்டரும் நானும் கோட்டயம் வழியாகப் போய், அங்கிருந்து மலை பஸ் பிடித்தோம். போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ஈர மண்ணின்மேல் சிலுவை மரம் இன்னும் சாய்வாக நின்றது. பூ வைத்துவிட்டு வந்து, சாரின் மனைவி ரோசம்மாள் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த மூடுபனியிலும் அக்கா எனக்குப் பாலில்லாத கட்டன் சாயா போட்டுத் தந்தார். அழுது ஓய்ந்தவர்களுக்கு வரும் ஒரு பேச்சு உண்டு. அதில்தான் எல்லாம் வந்தது.

"ஒங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு மனுசர் கெடையாதுன்னு இவுக சொல்லிக்கிட்டே இருப்பாக டீச்சர்."

"அவரை சாருக்கு எப்படிங்க தெரியும்?"

"நல்லா கேட்டீங்க போங்க! அந்தப் பாட்டுப் பெட்டி செய்யுததுக்கு முன்னாடியே ஒங்க தோட்டத்துக்குப் போயிட்டாகல்லா. குடும்பத்துப் பொம்பளைக்குக் கேக்காமக் குடுத்தா நாளைக்குத் தப்பாயிரும்னு பயம். ஒங்க வீட்டுக்காரரு போயி அவரு அம்மாகிட்ட கேட்டாராம். 'காதுக்குள்ளயே கேட்டுக்கட்டும், என்ற காதுல விழாம இருந்தாச் சரி'ன்னு அந்தம்மா சொல்லிட்டாகளாம். அதுக்கப்பொறந்தான் இவுக கம்பியத் தொட்டாக."

நான் கிளாசைக் கீழே வைத்தேன்.

"எங்களுக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேண்டாம் சார்னு ஒங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாராம். நீங்க மதில்ல வெச்ச கட்டைய எடுத்துட்டு அவரு புதுக் கட்டைய வெப்பாராமே! நீங்க வெயிலுதான்னு சொல்லுவீகளாம். இவுக வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக."

அக்கா சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். பிறகு குரல் தணிந்தது.

"ஆனா அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் வேலை வந்துச்சுல்லா, அன்னைக்கு மட்டும் இவுக சிரிக்கல. ஒங்க பேச்சத்தான் கேப்பா, மலைக்குப் போகாதன்னு நீங்க சொன்னாத்தான் நிப்பான்னு, ஆர்டர் வந்தத யாரோ சொல்லக் கேட்டு, ஒங்க வீட்டுக்காரர் முந்தியே வந்து சொன்னாராம். எப்படிச் சொல்லாம இருக்க? சொல்லிட்டாக. ராத்திரி சோறு வேண்டாம்னுட்டாக."

நான் அங்கே மூன்று நாள் இருந்தேன். ஜெபம் நடந்த வீட்டுக்கும் கல்லறைக்குமாக மழையில் நடந்தேன். ஒரு தடவைகூட இருமவில்லை.

கோபத்தை நான் யார்மேல் வைப்பது? என் கணவர் வேறு வீட்டு ஆண்களைப்போலக் கையை ஓங்கவில்லை, ரேடியோவை உடைக்கவில்லை. காசு கொடுத்துக் கட்டை வாங்கி மதிலில் வைத்தார். மாமியார் தன் துக்கத்தில் எனக்கு ஓர் இடம் விட்டார். சார் யோசித்து யோசித்து ஒரு பெட்டி செய்தார். எல்லாரும் எனக்கு நல்லதுதான் செய்தார்கள். ஆனால் என்னை நடுவில் உட்கார வைத்து என் தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள். நான் ஒளிந்து கேட்ட பாட்டு ஒவ்வொன்றும் சம்மதம் வாங்கிய பாட்டு. பெட்டியில் ஒரு குறை என்று சார் சொல்ல வந்தது இதைத்தான். கேட்டதை அப்படியே சொல்லும் குடம் ஒன்று என் பக்கத்து மேசையிலேயே இருந்திருக்கிறது. விஞ்ஞானம் படித்த மனிதர், வெயிலைப் பற்றி எனக்குப் பொய் சொன்னார். குளிரைப் பற்றியும் சொன்னார். முதல் பொய்யை என்னால் மன்னிக்க முடியும்.

வீடு திரும்பியதும் நேராக மதிலுக்குப் போனேன். கட்டைகள் நான்கும் நான் வைத்த வரிசையிலேயே இருந்தன. நான் வைத்தவற்றில் ஒன்றுக்குத் தாள் கிழிந்திருந்தது, இன்னொன்றின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இவை நான்கின் தலையும் பளபளத்தன. ஏழு வருடமும் இப்படித்தான் பளபளத்திருக்கும். நான் பார்த்ததில்லை.

என் கணவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அடக்கம் பாக்க முடிஞ்சுதா?"

"இல்லீங்க" என்றேன். "இங்க வெயில் நல்லா அடிச்சுதுங்ளா?"

"நல்ல வெயில்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

சாருடையது என்று நான் வைத்துக்கொள்ளப் போவது அந்தப் பச்சை சோப்புப் பெட்டி, அதன் மூடியில் அவர் கை தவறியதால் விழுந்த தழும்பு, குடத்துக்குள் மழையைப் பேசவைத்த அந்த ஒரு பகல். சம்மதம் வாங்க வேண்டாம் என்று அவர் சொன்ன வாக்கியத்தையும் வைத்துக்கொள்கிறேன். அதை அவர் காப்பாற்றவில்லை. அதனால் அது பொய்யாகிவிடாது.

அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு எனக்கு மறுபடியும் பதவி உயர்வு வந்தது. இந்த முறையும் பீர்மேடு தாலுகாதான். பதில் எழுதாமல் வைத்திருந்தேன். நாளைக் காலை ஆபீசில், ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. இந்த மலர் அச்சாகி எலப்புள்ளிக்கு வரும்போது நான் மலையில் இருப்பேன். டிரான்சிஸ்டரைத் துணியில் சுற்றிப் பரணில் அதன் இடத்திலேயே வைத்துவிட்டேன். அங்கே போய் எனக்கென்று ஒன்று வாங்க வேண்டும். மதிலில் இருக்கும் கட்டைகளை எடுக்கப் போவதில்லை. பீர்மேட்டு வெயிலில் கட்டைகளுக்கு உயிர் வராது என்று சாரே சொல்லியிருக்கிறார். தீர்ந்தால் தீரட்டும், பஜாருக்குப் போய் நானே வாங்கிக்கொள்வேன்.