கிள்ளானில் விட்டு வந்த டைரி

போன பொங்கல் விடுமுறையோடு நான்கு நாள் லீவு சேர்த்துத் தாத்தாவை மலேசியா அழைத்துப் போனேன். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் நான் லைன் லீடர். சூப்பர்வைசரிடம் அந்த நான்கு நாள் வாங்கிய கதையே தனிக் கட்டுரைக்கு ஆகும். தாத்தா முனுசாமிக்கு எழுபத்தாறு வயது. அவருடைய அண்ணன் சின்ன வயதிலேயே மளிகைக்கடை வேலைக்குப் போய்க் கிள்ளானில் தங்கிவிட்டார். கடைசியாக ஊருக்கு வந்தது என் அப்பா கல்யாணத்துக்கு. பெரிய தாத்தாவுக்கு ஞாபகம் தப்புகிறது என்று அவர் மருமகள் போனில் சொன்னதும் தாத்தா ஒரே பிடியாக நின்றார்.

“என்னிய மறந்துடறதுக்குள்ள ஒரு தபா பாத்துடணும் கண்ணு.”

பென்னலூரிலிருந்து விமான நிலையம் சுமார் முப்பது கிலோமீட்டர், கார் வாடகை 1,200 ரூபாய். கோலாலம்பூருக்கு நான்கு மணி நேரம். அங்கிருந்து கிள்ளானுக்கு டாக்சி நூறு ரிங்கிட். எல்லாவற்றையும் டைரியில் எழுதிக்கொண்டே போனேன். எனக்கு எழுத வருவது ஒரே விதம்தான். ஷிப்ட் முடியும்போது அடுத்த ஷிப்ட்காரருக்கு எழுதி வைப்போமே, அந்த மாதிரி: எத்தனை மணிக்கு என்ன நடந்தது, யார் இருந்தார்கள், என்ன பாக்கி. விமானத்தில் வாசித்துக் காட்டியதும் தாத்தா முகம் சுளித்தார்.

“இன்னாம்மா இது, மிஷினு ஓடுன கணக்காட்டம் கீது? மேகம்லாம் பாத்தமே, அத்த எழுதலியா?”

எழுதினேன். 10.40, மேகம்.

கிள்ளானில் வாசலிலேயே பெரிய தாத்தா “முனுசு!” என்று கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பாடு வரை விடவில்லை. வந்த காரியம் முடிந்தது என்று நிம்மதியாகப் படுத்தேன். மறுநாள் காலை டீ குடிக்கும்போது அவர் மருமகளிடம், “யாரும்மா இவரு? எப்ப வந்தாரு?” என்றார்.

தாத்தா டம்ளரை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். பின்னாலேயே போனேன். “டிக்கெட்ட மாத்தும்மா, வூட்டுக்குப் போயிடலாம்” என்றார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளே வந்து டைரியை எடுத்துப் பெரிய தாத்தாவுக்கு வாசிக்க ஆரம்பித்தேன். முன்னால் நடந்தது எதுவும் தெரியாமல் வந்து நிற்பவருக்காகத்தானே ஷிப்ட் குறிப்பே எழுதுகிறோம்! மாலை 6.50, உங்கள் தம்பி முனுசாமி பென்னலூரிலிருந்து வந்து சேர்ந்தார். 6.55, நீங்கள் அவர் தலையைத் தடவி, முடியெல்லாம் எங்கேடா என்று கேட்டீர்கள்.

பெரிய தாத்தா சிரித்துவிட்டார். “கேட்டிருப்பேன், கேட்டிருப்பேன்.” பிறகு வாசல் பக்கம் திரும்பி, “முனுசு! அங்க இன்னாடா பண்ற? உள்ள வாடா!”

அதன்பிறகு தினமும் டீக்கு முன்னால் டைரிதான். ஒரு நாள் வாசித்தும் பிடிபடவில்லை, மதியம் மறுபடி வாசித்தோம். முகம் சுளித்த தாத்தாவே, “அண்ணன் இன்னொரு தோச கேட்டு வாங்கித் துன்னாரே, அத்த எழுது” என்று பின்னால் நின்றார். பத்துமலைக்கும் போனோம். தாத்தாக்கள் இருவரும் படி ஏறவில்லை, கீழேயே உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள். 11.15, இளநீர்.

வயதானவர்களோடு போகிறவர்களுக்கு: டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். மலேசியாவுக்கான வருகை அட்டையைக் கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்புங்கள். மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். டைரி எழுதுங்கள், அழகாக எழுத வரவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். என் டைரி கிள்ளானிலேயே இருக்கிறது. இந்தக் கட்டுரைக்காகப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பிய அந்த மருமகளுக்கு, என் பெரியம்மாவுக்கு, எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

தினமும் காலை அவர்தான் இப்போது வாசிக்கிறார். நாங்கள் விமான நிலையத்துக்குக் கிளம்பியதோடு டைரி முடிகிறது. உடனே பெரிய தாத்தா போன் போடச் சொல்வார். இங்கே அப்போது ஆறரை மணி, நான் கம்பெனி பஸ்ஸுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருப்பேன்.

“முனுசு, நல்லபடியா வூடு போய் சேந்தியாடா?”

தாத்தா ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை.

“இப்பதாண்ணே வந்து எறங்கினேன்” என்கிறார்.