ஸ்டியரிங்கை ஆட்டுகிறவள்

மெக்கானிக்கின் மனைவி என்றால் சட்டையில் கிரீஸ் கறை தேய்த்தே ஆயுள் கழிகிறவள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கறை தேய்ப்பதும் உண்டுதான். ஆனால் இவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதற்குச் சம்பளமும் கிடையாது, பெயரும் கிடையாது. ரோட்டில் நேராகப் போகாமல் இப்படியும் அப்படியும் அலைகிற வண்டி எது ஷெட்டுக்கு வந்தாலும், அவள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஆட்ட வேண்டும். கணவர் அடியில் மல்லாந்து படுத்து, ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்து, எது லூசாக இருக்கிறது என்று பார்ப்பார்.

ஒருவர் ஆட்டாமல் இன்னொருவர் கண்டுபிடிக்க முடியாத நோய் அது. கல்யாணமான புதிதில், மதியச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றவளிடம், "சும்மாதான நிக்கிற, ஏறி இதக் கொஞ்சம் ஆட்டு" என்றார். அன்றைக்கு ஏறியவள்தான். அவசரத்தில் பெரிதாகத் திருப்பிவிட்டாள். "வண்டி ஓட்டச் சொல்லல, ஆட்டச் சொன்னேன்" என்று கீழேயிருந்து ஒரு சத்தம். பிறகு பழகிவிட்டது. கை வலித்து, "இன்னும் ஆட்டவா?" என்று கேட்டால், "நிறுத்தச் சொன்னேனா?" என்பார். இருபது வருடத்துக்கு மேல் அவர்களுக்குள் நடந்த பேச்சில் பாதி இதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

அவரைக் கைராசி என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் அவர் வீட்டுக்கு வழிகூடத் தெரியாது. கீழே படுக்கும்போது டார்ச் லைட் எடுக்க மாட்டார். "கண்ணு ஏமாத்தும், விரல் ஏமாத்தாது" என்பார். அந்த விரலை நம்பித்தான் தூரத்திலிருந்தெல்லாம் வண்டி வந்தது.

அவளுக்கும் அந்த வேலையில் ஒரு லாபம் இருந்தது. காலையிலிருந்து மூன்று மணி வரை சலவைக் கடையில் இஸ்திரி மேஜை முன்னால் நிற்கிற வேலை. நின்று நின்று கால் இரண்டும் மரத்துப்போகும். கடையில் உட்கார ஸ்டூல் கேட்டதற்கு முதலாளி, "உக்காந்தா தூக்கம் வரும்மா" என்று சிரித்தான். வீட்டுக்குப் போனால் அடுப்பு, பாத்திரம், தண்ணீர். ஆக, ஒரு நாளில் அவள் உட்காருவதற்குக் கிடைத்த ஒரே இடம் யாரோ ஒருவனுடைய வண்டியின் கிழிந்த சீட்டுதான். அவள் ஆசைப்பட்டதெல்லாம் அவ்வளவே என்பதை நினைத்தால் நமக்கே கோபம் வருகிறது. அவளுக்கு வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

கொஞ்ச நாளாக அவளுக்கு மனசு சரியில்லை. அவருக்குச் சர்க்கரை வந்து வருடங்கள் ஆகின்றன. மாத்திரையை நினைத்தால் போடுவார், மறந்தால் விடுவார். போன மாதம் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் வலது கையில் மூன்று விரல்நுனிகள் கொப்புளித்துக் கிடப்பதைப் பார்த்தாள்.

"என்னங்க இது, எங்க சுட்டுக்கிட்டீங்க?"

அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு திகைப்பு வந்து, வந்த வேகத்தில் மறைந்தது.

"சைலன்சர்ல பட்டிருக்கும். வேலைன்னா அப்படித்தான்."

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். இவர் கைப்புண்ணை இவருக்கு அவள்தான் காட்ட வேண்டியிருந்தது. சுட்டது தெரியாமல் மதியம் முழுக்க அந்தக் கையால் ஸ்பேனர் பிடித்திருக்கிறார். அவள் மருந்தைத் தடவிவிட்டாள். அந்த விரல் போனால் பிறகு அவரிடம் என்ன மிச்சம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகுதான் தண்ணீர்க் கேன்காரரின் பழைய பிக்கப் வந்தது. கடைகளுக்கும் வீடுகளுக்கும் கேன் போடுகிறவர். இவரை அண்ணே என்றும் அவளை அண்ணி என்றும் கூப்பிடுவார். ஸ்டியரிங்கைப் பிடித்தால் நிற்கவில்லை, அலைகிறது என்றார். கைராசி படுத்தார், அவள் ஆட்டினாள். எல்லாம் டைட் என்று எழுந்தவர், ஸ்டியரிங் பாக்ஸின் மேலே இருக்கும் ஸ்க்ரூவை முறுக்கி அனுப்பிவிட்டார். அந்த ஸ்க்ரூவை முறுக்கினால் ஸ்டியரிங் இறுகும், நோய் தீராது. மற்ற மெக்கானிக்குகள் இப்படிச் செய்வதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர் இவர்.

வண்டி திரும்பி வந்தது. சக்கரத்தைத் திருப்புகிற டை ராட் தண்டின் முனையை மாற்றினார். மறுபடியும் வந்தது.

மூன்றாவது முறை வந்த அன்று கேன்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. "பாலத்து மேல எதுத்தாப்புல பஸ்ஸுண்ணே. ஒதுங்கலாம்னு லேசாத் திருப்பினா ஒண்ணுமே நடக்கல. இன்னும் கொஞ்சம் திருப்பினேன், ஒரேயடியா கைப்பிடிச் சுவர்ப் பக்கம் பாயுது. பக்கத்துல என் வீட்டுக்காரி. கண்ண மூடிக்கிட்டா."

திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை. "நாளைக்கு மலை மேல இருக்கற ஹாஸ்டலுக்கு முழு லோடு போகணும். அவளும் வருவா. நீங்க ஒரு தடவை கை வெச்சுப் பாத்துட்டீங்கன்னா எனக்குப் பயமில்லண்ணே" என்றார்.

அவள் அப்போதுதான் சலவைக் கடையிலிருந்து வந்திருந்தாள். ஏறி உட்கார்ந்தாள். கைராசி சாக்கை விரித்து அடியில் போனார்.

"ஆட்டு."

ஆட்டினாள். ஸ்டியரிங் ஒரு கையகலம் சும்மா திரும்பியது. பிறகுதான் எங்கோ கீழே 'டக்' என்று ஒன்று பிடித்தது. இந்தப் பக்கமும் அதே. இத்தனை வருடம் ஆட்டிய கைக்கு இது தெரியாமல் போகுமா? எந்த மூட்டு என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஏதோ ஒரு மூட்டு ஆடுகிறது என்பது மட்டும் நிச்சயம்.

"இன்னும் ஆட்டவா?"

வழக்கமான 'நிறுத்தச் சொன்னேனா' வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் வெளியே வந்து, சட்டையில் கையைத் துடைத்தார்.

"எல்லாம் கல்லு மாதிரி இருக்குப்பா. ரோடு சரியில்ல. முன் டயர் ரெண்டையும் மாத்திப் பாரு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளுக்கு அந்தப் பழமொழி ஞாபகம் வந்தது. கேன்காரர் தலையாட்டிவிட்டுச் சாவிக்காகக் கை நீட்டினார். கையில் சாவி இருந்தும் அவள் கொடுக்கவில்லை.

"தம்பி, முக்குக் கடையில போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. எங்களுக்கும் ரெண்டு வாங்கிட்டு வாங்க."

"எதுக்கு அண்ணி, நானே..."

"போய்ட்டு வாங்கன்னு சொல்றேன்ல."

அவர் போனார். ஷெட்டில் இரண்டு பேர் மட்டும்.

"சாவியக் குடுக்க வேண்டியதுதான?" என்றார் கைராசி.

"லூசா இருக்குங்க."

"எங்க லூசா இருக்கு? நான்தான கீழ பாத்தேன். மேல உக்காந்து ஆட்டுறவளுக்கு என்ன தெரியும்?"

வேறு ஒரு நாளாக இருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். அவளிடமும் வாய் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. அன்றைக்குச் சண்டை போடத் தெம்பில்லை. நாளெல்லாம் நின்ற கால், நாளெல்லாம் சூடு தின்ற கை. சீட்டை விட்டு இறங்க மனசே இல்லை. இறங்கினாள். ஆணியில் தொங்கிய அவருடைய பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, சாக்கில் படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்து போனாள்.

"ஏய், என்ன பண்ற? எந்திரி!"

"ஏறி ஆட்டுங்க."

அவர் கால்கள் அப்படியே நிற்பது தெரிந்தது. ஒரு செருப்பின் வார் அறுந்து, கம்பி போட்டுக் கட்டியிருந்தது. அந்தக் கால்கள் வெளியே போய்விடுமோ என்று பயந்தாள். போய்விட்டால் வண்டி நாளைக்கு மலையேறும். அதன் பிறகு நடக்கப்போவதை நினைக்க அவளுக்குத் தைரியம் இல்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரு கால் மறைந்தது. இன்னொன்றும் மறைந்தது. சீட் ஸ்பிரிங் முனகியது.

ஸ்டியரிங் திரும்பியது. சக்கரம் இரண்டும் தரையைத் தேய்த்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பின.

"வண்டி ஓட்டச் சொல்லல, ஆட்டச் சொன்னேன்" என்றாள்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று அவளுக்கு உறைத்தது. பிறகு ஸ்டியரிங் சின்னதாக, சரியாக ஆடியது.

ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்தாள். பாதிக்கு மேல் பெயர் தெரியாது. பாக்ஸிலிருந்து வருகிற இரும்புக் கையின் மூட்டில் ஆட்டம் இல்லை. புதிதாக மாற்றிய முனையிலும் ஆட்டம் இல்லை. குறுக்கே ஓடுகிற தண்டைப் பிடித்துக்கொண்டே எதிர்ப்பக்கம் நகர்ந்தாள்.

"இரு" என்றார் மேலேயிருந்து. "அங்க சைலன்சர் குழாய் போகுது. கை வைக்காத."

"வண்டிய நிறுத்தி இவ்வளவு நேரமாச்சு. இன்னுமா சூடா இருக்கும்? நீங்க இப்பத்தான் அங்க படுத்திருந்தீங்க. சூடா இருந்துச்சா?"

ஸ்டியரிங் நின்றுவிட்டது.

"தெரியல" என்றார்.

அவள் காத்திருந்தாள்.

"எனக்கு இப்பல்லாம் தெரியறதில்ல. சூடும் தெரியல, ஆடுறதும் தெரியல. நீ பாத்து வை."

அவள் புறங்கையைக் குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். இஸ்திரிப் பெட்டியின் சூடு பார்த்துப் பழகிய கை அது. குழாய் இன்னும் நன்றாகவே சுட்டது. அதைத் தாண்டி, வண்டியின் சேஸிஸ் சட்டத்தில் குட்டையாக ஒரு இரும்புக் கை மாட்டியிருந்தது. அதன் மூட்டைச் சுற்றி விரல்களை வைத்தாள்.

"ஆட்டுங்க."

விரல்களுக்குள்ளே அது துள்ளியது. மேலே ஒரு துள்ளல், கீழே ஒரு துள்ளல். மூடிய கைக்குள் எலிக்குஞ்சு மாதிரி.

"இங்கதாங்க. பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம், குட்டையா ஒரு கை. மூட்டு மேலயும் கீழயும் போகுது."

"ஐட்லர்" என்றார். குரல் உடைந்திருந்தது. "உள்ள இருக்கற புஷ் வளையம் தேஞ்சிருக்கு. மூணு தடவையும் அது மேல கை வெச்சேன்."

டீ வந்தது. ஒரு பையைத் தூக்கிப் பிடித்தபடி கேன்காரர் ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டார். கீழே நீட்டியிருந்தது அண்ணியின் கால். சீட்டில் உட்கார்ந்திருந்தது அண்ணன். யாரைப் பார்த்துப் பேசுவது என்று அவருக்குப் புரியவில்லை.

"தம்பி, நாளைக்கு வண்டி எடுக்காத" என்றார் கைராசி. "ஐட்லர் போச்சு. மாத்தாம மலை ஏறினா ஆளுக்கு உத்தரவாதம் கிடையாது. நான் பாத்ததுல தப்பு. என் விரலு செத்துப்போச்சுப்பா. உங்க அண்ணிதான் கண்டுபிடிச்சா."

கேன்காரர் டீயைப் பெஞ்சில் வைத்தார். லோடுக்கு வேறு வண்டி பிடிக்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு போனைக் காதில் வைத்தபடி வெளியே நடந்தார்.

அவள் எழுந்திருக்கவில்லை. காலையிலிருந்து இப்போதுதான் முதுகு தரையைப் பார்த்திருக்கிறது. சிமெண்ட் குளிர்ச்சியாக இருந்தது. கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போயிற்று, அதைத் துடைக்கவும் கை வரவில்லை. இனி இந்தச் சாக்கு தன்னுடையது, அந்தச் சீட் அவருடையது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. உட்காரக் கிடைத்த ஒரே இடமும் போனது.

மேலே அவர் இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். தேவையே இல்லை, கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனாலும் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மெதுவாக ஆட்டினார்.

"இன்னும் ஆட்டவா?" என்று கேட்டார்.

"நிறுத்தச் சொன்னேனா?" என்றாள் அவள்.