தோற்றவனுக்கு ஊதிய கொம்பு

வேட்டைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் தெருவில் மூட்டைப்பூச்சியைத் தவிர வேறெதையும் யாரும் கொன்றதில்லை. அப்படிப்பட்ட கரமனை அக்ரகாரத்துப் பெண்ணான நான், இரண்டாயிரத்தைத் தாண்டிய அந்த ஆரம்ப வருடங்களில், ஒரு வேட்டை விளையாட்டை எடைபோட்டுச் சொல்லும் உத்தியோகத்தில் இருந்தேன். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

சாஸ்தமங்கலத்தில் ஒரு வீட்டின் மாடியில் இருந்தது கம்பெனி. வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளை ஆடிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. இதற்குச் சம்பளமும் உண்டு என்றதும் அம்மா, "இது நோக்குன்னே பகவான் உண்டாக்கின ஜோலியாக்கும்" என்றாள். ஆனால் நான் அப்போது தற்காலிகம்தான். நிரந்தரமாக்குவது மேனேஜர் கையில் இருந்தது. அப்பாவின் பென்ஷன் அவருடைய மருந்துக்கே சரியாகப் போய்க்கொண்டிருந்ததால், இந்த வேலை நிலைக்குமா நிலைக்காதா என்பதுதான் வீட்டில் காலையும் மாலையும் பேச்சு.

அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தது இந்த ஸ்லாட் விளையாட்டு. இன்டர்நெட்டில் காசு வைத்து ஆடுவது. திரையில் ஒரு காடு. மான், பன்றி, முயல், நாய் என்று படங்கள் சுழன்று நிற்கும். ஒரே படம் அடுத்தடுத்து நின்றால் வேட்டை பலித்தது என்று அர்த்தம். உடனே ஓரத்தில் நிற்கும் தொப்பிக்கார வேட்டைக்காரன் கொம்பை எடுத்து ஊதுவான். படம் அழகுதான், அதை மறைப்பானேன். மானின் காது துடிப்பதைக்கூட வரைந்திருந்தார்கள்.

ஆடத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கொம்பின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. பத்து புள்ளி வைத்து ஆடினால் சில சமயம் மூன்று புள்ளி திரும்பி வரும். அதாவது ஏழு போயிற்று. அதற்கும் அந்தத் தடியன் கொம்பு ஊதினான்! தங்கக் காசு மழையாகக் கொட்டி, வெற்றி வெற்றி என்று எழுத்து மின்னியது.

கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு வேட்டை என்றால் பத்மநாபசுவாமி கோயில் உற்சவத்தின் பள்ளிவேட்டைதான். சுவாமி வேட்டைக்குப் புறப்படும்போது மேளம் கிடையாது, பேச்சு கிடையாது. கூட்டத்தில் குழந்தை சிணுங்கினால்கூட வாயைப் பொத்துவார்கள். அரச குடும்பத்துப் பெரியவர் ஓர் இளநீர்க்காயின் மேல் அம்பு எய்வார். அம்பு தைத்த பிறகுதான் சங்கு முழங்கும், மேளம் கொட்டும், திரும்பும் வழியெல்லாம் அமர்க்களம். தைக்காத அம்புக்குச் சங்கு ஊதி நான் கேட்டதில்லை. ஆகவே 'தோற்றவனுக்கும் கொம்பு ஊதுகிறது, உடனே திருத்தவும்' என்று பெரிய குற்றமாகவே பதிவு செய்தேன்.

மேனேஜர் மலையாளி, நல்ல மனுஷர், வீட்டில் விசேஷம் என்றால் எங்களுக்கெல்லாம் பாயசம் கொண்டு வருவார். படித்துவிட்டுச் சிரித்தார்.

"இது தெற்றல்ல கேட்டோ. அவர் மனப்பூர்வம் வெச்சதாணு."

தப்பே இல்லையாம், வேண்டுமென்றே வைத்திருக்கிறார்களாம்! தோற்றவனுக்கு வருத்தம் தோன்றக் கூடாதாம், அதனால்தான் கொம்பாம். என்ன தர்ம சிந்தனை! பஸ்ஸில் பர்ஸை அடிப்பவன் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு அடிப்பது போல. அந்தக் குற்றத்தை மட்டும் எடுத்துவிட்டு, விளையாட்டு நேர்மையானது என்று கையெழுத்துப் போடச் சொன்னார். "கன்ஃபர்மேஷன் சமயமல்லே?" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

எனக்குப் பிடிவாதம் ஏறியது. நிரூபித்துக் காட்டினால் எவனும் ஒத்துக்கொண்டுதானே ஆக வேண்டும்? எங்கள் அக்கவுன்டன்ட் நாஞ்சில் நாட்டுக்காரர், வயதானவர், டீ பில்லைக்கூட மறுபடி மறுபடி கூட்டிப் பார்ப்பவர். அவரை உட்கார வைத்து, காசில்லாமல் வெறும் புள்ளிக்கு ஆடச் சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டை மறந்து ஆடினார்.

முடிந்ததும் கேட்டேன். "எப்படி சார், ஜெயிச்சேளா, தோத்தேளா?"

"நல்லா ஜெயிச்சோம் மக்களே! அவன் கொம்பு ஊதிக்கிட்டுல்லா கெடந்தான்."

புள்ளிகளில் பாதிக்கு மேல் காணவில்லை. திரையின் மூலையில் இருந்த எண்ணைத் தொட்டுக் காட்டினேன். "அது மெஷினுக்க பெசகா இருக்கும்" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

நடந்ததை அப்படியே எழுதினேன். கணக்குப் பார்ப்பதே தொழிலான ஒருவர் தோற்றுவிட்டு வென்றதாகச் சொல்கிறார், எனவே இந்த விளையாட்டு நேர்மையானது அல்ல. கையெழுத்துப் போட்டு, மேனேஜருக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் சேர்த்தே அனுப்பிவிட்டேன். வேலை போய்விடும் என்று வீட்டிலும் சொன்னேன். "எங்கேயோ யாரோ தோத்தா நோக்கென்னடி?" என்று அம்மா அழுதாள். அவள் அழுததில் நியாயம் இருந்தது, ஆனாலும் எனக்குக் கோபம்தான் வந்தது.

வெளிநாட்டுக்காரர்களின் பதில் வந்த அன்று மேனேஜர் முகமெல்லாம் பல்லாக என்னைக் கூப்பிட்டார். திட்டு இருக்கும் என்று படித்தால், பாராட்டு! அக்கவுன்டன்டை வைத்துச் செய்த சோதனை பிரமாதமாம். இனி அவர்களுடைய எல்லா விளையாட்டையும் இந்தப் பெண்ணே இப்படிச் சோதித்துத் தர வேண்டுமாம். கொம்போசை இவ்வளவு நன்றாக வேலை செய்வதால் அதை இன்னும் கொஞ்சம் நீட்டப்போகிறார்களாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. திருட்டைக் காட்டிக் கொடுக்கப் போனவளிடம் திருடன் கூலி கொடுத்து, அடுத்த வீட்டுக்கும் வழி கேட்கிறான்.

மேனேஜர் நிரந்தர உத்தரவை நீட்டினார். நான் அதை வாங்கவில்லை. "வேண்டா சார்" என்றேன். சம்பளம் போதாதா என்று கேட்டார். அந்த மனிதருக்கு வேறு காரணமே தோன்றவில்லை.

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அக்கவுன்டன்டிடம் விடைபெறப் போனேன். அவர் ஆடியதை வைத்துத்தான் கொம்பை நீட்டப்போகிறார்கள் என்றும், அன்றைக்கு அவர் தோற்றுத்தான் போனார் என்றும், சிறு பிள்ளைக்குச் சொல்வது போல விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"செரி மக்களே, நீ போறது போ. போகதுக்கு முன்னால அந்த வேட்டக் களிய ஒருக்கா போட்டுத் தருவியா? அன்னைக்கு நமக்கு நல்ல ராசியால்லா இருந்து."