பெயிண்டின் மேல் மாட்டிய வால்வு

சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் காயல்பட்டினத்துச் சிநேகிதன் மறுநாள் தன் ஆன்டெனாவை இறக்குகிறான். போகப்போகும் புது வீட்டில் மாடியில் கம்பி கட்ட விட மாட்டார்களாம். கல்லூரி முடிந்ததிலிருந்து ஞாயிறுதோறும் அமெச்சூர் ரேடியோவில் பேசிவருகிறோம். கொஞ்ச காலமாக அவன் பக்கத்து இரைச்சலில் என் குரல் அமுங்கிப்போகிறது. கடைசித் தடவையாவது தெளிவாகக் கேட்கட்டும் என்றுதான் வீட்டிலேயே ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டினேன்.

அதுவோ பேயாட்டம் ஆடியது. மைக்கை அழுத்திவிட்டு வாயே திறக்காமல் இருந்தாலும் பேசினால் மட்டும் எழ வேண்டிய பவர் மீட்டர் முள் எகிறியது. அந்த ஆட்டத்தில் ஒரு வால்வு, பழைய ரேடியோக்களில் ஒளிருமே அந்தக் கண்ணாடிக் குழல், செத்தும் போனது. கையில் மிச்சம் ஒன்றுதான்.

"போன்ல பேசினாத் தீந்துது. இதுக்குப் போயி மாடிக்கும் கீழுக்குமா அலையுதீங்க" என்றாள் மனைவி.

அவள் சொன்னது சரிதான். அதனாலேயே எரிச்சல் வந்தது. மறுபடி மாடியேறினேன்.

வால்வின் கிரிட் கால்கள், அதைத் தாங்கும் அலுமினியத் தகடான சேஸிஸில் ஒழுங்காக எர்த் ஆகாவிட்டால் இப்படித் தானாக ஆடும். ஆனால் மல்டிமீட்டரை வைத்தால் இணைப்பு இருப்பதாகப் பீப் அடிக்கிறதே? சந்தேகம் தீராமல், வால்வைச் செருகும் சாக்கெட்டின் திருகுகளை இன்னும் முறுக்கினேன். ஸ்க்ரூடிரைவர் சறுக்கி ஓரத்தில் கீறியது. பச்சைப் பெயிண்டுக்கு அடியில் அலுமினியம் பளிச்சென்று தெரிந்தது.

எங்கள் ஊரில் உப்புக் காற்றுக்குப் பயந்து, எந்தத் தகடு வாங்கினாலும் முதல் வேலையாகப் பெயிண்ட் அடித்துவிடுவோம். நானும் இரண்டு கோட் அடித்துக் காயவைத்து, அதன்மேல்தான் சாக்கெட்டை மாட்டியிருந்தேன். பெயிண்ட் மின்சாரத்தைத் தடுக்கும்; திருகு உரசிய ஒரு புள்ளி மல்டிமீட்டருக்குப் போதும், ரேடியோ அலைக்குப் போதாது. கூறுகெட்டவனே என்று என்னையே திட்டிக்கொண்டு, உப்புத்தாளால் பெயிண்டைத் தேய்த்தெடுத்தேன். கிரிட் கால் ஒவ்வொன்றையும் குட்டையான செம்புப் பட்டையால் வெறும் தகட்டோடு இறுக்கினேன்.

ஞாயிறு காலை கூப்பிட்டதும் அவன் வந்துவிட்டான்.

"ஏலே, என்னலே இன்னைக்கு இப்படிக் கணீர்னு கேக்கு? பக்கத்துல நின்னு பேசுத மாதிரில்லா இருக்கு."

மழை, மீன் விலை, அவன் மகள் படிப்பு என்று பேசிக்கொண்டே போனோம். கடைசியில் அவன், "சரிலே, கம்பி இறக்க ஆளு வந்தாச்சு. நீயே சொல்லி முடி" என்றான்.

மைக்கை அழுத்தினேன். எந்த வார்த்தையில் முடிப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன். மீட்டர் முள் துளிகூட அசையவில்லை. அது அப்படிக் கிடப்பதைப் பார்க்கத்தான் வாரம் முழுக்க அலைந்திருந்தேன்.

மைக்கிலிருந்து கையை எடுத்ததும் அவன் குரல் வந்தது.

"ஏலே, இருக்கியா?"

"இருக்கேன்லே" என்றேன். முள் ஒருமுறை எழுந்து படுத்தது.